எட்டரை மணி மழைக்கணக்கு: புவி நோக்கில் உலகக் கூட்டுறவும் கொங்கு நாடும்

கோவை பீளமேட்டு வானிலை நிலையத்துக்கு உலகப் பட்டியலில் ஓர் எண் உண்டு: 43321. காலை 8.30 மணிக்கு அங்கே மழைமானியை அளக்கிறார்கள். தாலுகா அலுவலகங்களிலும் அணைக்கட்டுகளிலும் அளப்பது அதே நேரத்தில்தான். வால்பாறையில் இத்தனை மில்லிமீட்டர், ஆழியாறில் இத்தனை என்று மறுநாள் நாளிதழில் வரும் பட்டியல் முழுவதும் அந்த எட்டரை மணிக் கணக்கு. கிரீன்விச்சில் அப்போது அதிகாலை மூன்று மணி. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை உலகெங்கும் ஒரே வேளையில் அளவெடுக்க வேண்டும் என்று நாடுகள் பேசி வைத்துக்கொண்டபோது நமக்கு விழுந்த நேரம் அது. வானிலை பலூன்கள் காலை 5.30-க்கும் மாலை 5.30-க்கும் பறப்பதும் இதே ஏற்பாட்டின்படிதான்.

இந்த ஒழுங்கின் பின்னால் நூற்றைம்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது. 1873-இல் வியன்னாவில் கூடிய வானிலையாளர்கள் பன்னாட்டு வானிலை அமைப்புக்கு அடித்தளம் போட்டார்கள். இந்திய வானிலைத் துறை 1875-இல் பிறந்தது. உலக வானிலை அமைப்பின் ஒப்பந்தம் 1950 மார்ச் 23 அன்று நடைமுறைக்கு வந்தது. 1963-இல் அந்த அமைப்பு ‘உலக வானிலைக் கண்காணிப்பு’ என்ற திட்டத்தைத் தொடங்கியபோது கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. அணுகுண்டை நீட்டிக்கொண்டு நின்ற இரண்டு வல்லரசுகளின் தலைநகரங்களான வாஷிங்டனும் மாஸ்கோவும், மெல்போர்னும் சேர்ந்து அந்தத் திட்டத்தின் உலக மையங்களாயின. பகை முற்றியிருந்த காலத்திலும் மழையின் கணக்கு எல்லை தாண்டிப் போய்வந்தது.

அந்தக் கூட்டுறவு இன்று எந்த நிலையில் இருக்கிறது, அதிலிருந்து கொங்கு நாட்டுக்கு என்ன வந்து சேர்கிறது, எங்கே அறுபட்டுப் போகிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். வானத்திலிருந்து பூமியைப் பார்க்கும் வேலையில் நாடுகள் வியக்கத்தக்க அளவு ஒன்றுபட்டிருக்கின்றன. மண்ணில் நின்று அளக்கும் வேலை அப்படி இல்லை. நம் ஊரில் மட்டுமல்ல, உலகம் முழுவதுமே அதுதான் பின்தங்கிக் கிடக்கிறது. கொங்கு போன்ற மலையடிவார நாட்டை இந்தக் குறை மற்ற இடங்களைவிட அதிகமாகப் பாதிக்கிறது.

கணவாய் வாசலில்

கோவையின் போத்தனூருக்கு மேற்கே மதுக்கரை, அதையடுத்து வாளையாறு, அதற்கப்பால் பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மேல் திறந்து கிடக்கும் வாசல் அது. ஆடிக்காற்று அதன் வழியாகத்தான் வந்து பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஆனால் அந்தக் காற்று கொண்டுவரும் மழையின் பெரும்பகுதி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. கோவைச் சமவெளிக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது ஏறத்தாழ 700 மி.மீ. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலிலிருந்து வருவது. அதே மாவட்டத்தின் மலை உச்சியில் இருக்கும் சின்னக்கல்லாறோ தமிழகத்தில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. இரண்டு கடல்களையும் நம்பி, இரண்டிலிருந்தும் குறைவாகப் பெற்று வாழும் நாடு இது. ஆகவே இரண்டு கடல்களின் மேலும் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரிந்தாக வேண்டும். கடலின் மேலே பார்க்க எந்த ஒரு நாட்டாலும் தனியாக முடியாது.

இந்தக் கணத்தில் போத்தனூருக்கு மேலே எத்தனை கண்கள் திறந்திருக்கின்றன? கிழக்கு 74, 82 பாகைகளில் இஸ்ரோவின் இன்சாட் செயற்கைக்கோள்கள் நிலையாக நின்று அரை மணிக்கு ஒரு படம் அனுப்புகின்றன. அவற்றுக்கு மேற்கே, கிழக்கு 45.5 பாகையில், ஐரோப்பியர்களின் மீட்டியோசாட்-9 நிற்கிறது. சீனாவின் ஃபெங்யுன் வரிசையும் இந்தியப் பெருங்கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் கீழே, துருவத்துக்குத் துருவம் சுற்றும் அமெரிக்க, ஐரோப்பிய, இந்தியச் செயற்கைக்கோள்கள் வந்து வந்து போகின்றன. ஒன்று பார்க்கத் தவறியதை இன்னொன்று பார்க்கும்படி இவற்றின் இடங்களையும் நேரங்களையும் பேசி முடிவுசெய்ய 1972-இலிருந்தே ஓர் ஒருங்கிணைப்புக் குழு இயங்கிவருகிறது.

ஐரோப்பியச் செயற்கைக்கோள் நம் கடலின் மேல் வந்து நின்ற கதையில் ஒரு தமிழருக்குப் பெரும் பங்கு உண்டு. சென்னையில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, பின்னர் அமெரிக்காவில் காலநிலை அறிவியலின் முன்னோடிகளில் ஒருவரான வி. ராமநாதன், நோபல் விஞ்ஞானி பால் குருட்சனுடன் சேர்ந்து ‘இண்டோயெக்ஸ்’ என்ற இந்தியப் பெருங்கடல் ஆய்வை முன்னெடுத்தார். 1999-இன் தொடக்கத்தில் நடந்த அந்த ஆய்வில் இந்தியா, அமெரிக்கா, ஐரோப்பிய நாடுகள், மாலத்தீவு எல்லாம் கைகோத்தன. கப்பல்கள், விமானங்கள், மாலத்தீவில் ஒரு தரை நிலையம் எல்லாம் ஒரே காற்றை ஒரே காலத்தில் அளந்தன. மேலிருந்து பார்க்க ஒரு கண் வேண்டும் என்பதற்காக 1998-இல் மீட்டியோசாட்-5 தன் இடத்திலிருந்து 63 பாகைக்கு நகர்த்தப்பட்டது. சில மாத வேலைக்கு வந்தது அது. ஆய்வு முடிந்த பிறகும் ஐரோப்பியர்கள் அந்த இடத்தைக் காலி செய்யவில்லை. மீட்டியோசாட்-7, 8, 9 என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து அந்தக் காவல் இன்றுவரை தொடர்கிறது.

அந்த ஆய்வின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தெற்காசியாவின் மேல் பழுப்பு நிறப் புகைப்படலம் பரந்து கிடப்பதாக 2002-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் அறிக்கை வெளியிட்டது. இந்திய அரசும் இந்திய விஞ்ஞானிகள் சிலரும் அதை எதிர்த்தார்கள்; சில மாத அளவீட்டைக் கொண்டு ஒரு துணைக்கண்டத்தின் மேல் பழி சுமத்தலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குச் சரியான பதில் அளவீட்டை நிறுத்துவது அல்ல, நாமே ஆண்டு முழுவதும் அளப்பது. காற்றிலுள்ள நுண்துகள்களை அளக்க இஸ்ரோ நாடெங்கும் நிலையங்களை வளர்த்தெடுத்தது அந்தத் திசையில்தான். கூட்டுறவில் சேரும் நாடு சொந்த அளவீட்டோடு மேசைக்கு வந்தால்தான் அதன் பேச்சுக்கு மதிப்பு.

கொடுத்தும் வாங்கியும்

இந்தியா வாங்கிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. கடலின் மேற்பரப்புக் காற்றை அளந்துகொண்டிருந்த அமெரிக்காவின் குவிக்ஸ்காட் 2009 நவம்பரில் செயலிழந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பர் 23 அன்று, அதே வகைக் கருவியுடன் இஸ்ரோவின் ஓஷன்சாட்-2 மேலேறியிருந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு மேல், அமெரிக்க, ஐரோப்பிய வானிலை மையங்கள் கடற்காற்றுக்கு இந்தியத் தரவையும் நம்பின. 2012-இல் அமெரிக்கக் கிழக்குக் கரையைத் தாக்கிய சாண்டி புயலின் காற்றையும் அந்தக் கருவி பார்த்தது. அது 2014-இல் ஓய்ந்தபோது இரண்டு ஆண்டு கழித்து ஸ்காட்சாட்-1 வந்தது, 2022-இல் ஓஷன்சாட்-3. பிரான்சோடு சேர்ந்து 2011-இல் மேகா-ட்ராபிக்ஸ், 2013-இல் சரல் ஆகியவற்றையும் இந்தியா ஏவியது.

செயற்கைக்கோள் வைத்திருக்கும் நிறுவனங்களெல்லாம் 1984-இல் ஒரு குழுவாகச் சேர்ந்தன. புவி நோக்குச் செயற்கைக்கோள் குழு என்று அதைச் சொல்லலாம். 2012-இலும் 2020-இலும் அதன் தலைமைப் பொறுப்பு இஸ்ரோவிடம் இருந்தது. பேரிடர் வந்தால் எந்த நாட்டுக்கும் உடனே படம் எடுத்துக் கொடுப்பது என்ற சாசனத்தை ஐரோப்பிய, பிரெஞ்சு விண்வெளி நிறுவனங்கள் தொடங்கிவைத்தன. 2001-இல் இந்தியா அதில் இணைந்தது. 2004 சுனாமியின்போது அந்தச் சாசனம் நமக்காகவும் இலங்கைக்காகவும் செயல்பட்டது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய கனவோடு பிறந்தது புவி நோக்குக் குழு. 2003-இல் வாஷிங்டன், 2004-இல் டோக்கியோ, 2005 பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸ் என்று மூன்று உச்சி மாநாடுகள் நடந்தன. செயற்கைக்கோள், கடல் மிதவை, மழைமானி, ஆற்று அளவுகோல், காட்டுக் கணக்கெடுப்பு எல்லாவற்றையும் ஒரே அமைப்பாகப் பிணைப்பது அதன் இலக்கு. நூறுக்கு மேற்பட்ட நாடுகள் உறுப்பினர்கள், இந்தியாவும் ஒன்று. தலைமையகம் ஜெனிவாவில். இருபது ஆண்டுகளுக்குப் பின் அதன் கணக்கை எடுத்துப் பார்த்தால், செயற்கைக்கோள் தரவைத் திறந்து கொடுப்பதே நாகரிகம் என்ற எண்ணத்தை அது நிலைநிறுத்தியது. இது சிறிய சாதனை அல்ல. அமெரிக்கா தன் லேண்ட்சாட் படங்களுக்கு விலை வைத்திருந்த காலத்தில் அதிகம் விற்ற ஆண்டிலும் ஏறத்தாழ 25,000 படங்கள்தான் போயின. 2008-இல் இலவசமாக்கிய பிறகு ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டின. ஐரோப்பாவின் சென்டினல் வரிசை தொடக்கத்திலிருந்தே இலவசம். 2018 மார்ச்சில் இந்திய விண்வெளித் துறையும் ஐரோப்பிய ஆணையமும் தரவைப் பகிர ஏற்பாடு செய்துகொண்டன. ஐந்து மீட்டரும் அதற்கு மேலும் நுணுக்கம் குறைந்த படங்களை இலவசமாகத் தருவது என்று இந்திய விண்வெளிக் கொள்கை 2023-இல் அறிவித்தது.

தரை அளவீட்டில் அந்தக் குழுவால் இத்தனை செய்ய முடியவில்லை. அதன் உறுப்பினர்கள் எல்லாரும் தாமாக ஒப்புக்கொண்டு சேர்ந்தவர்கள். யாரையும் கட்டாயப்படுத்த அதற்கு அதிகாரம் இல்லை, மழைமானி வாங்கிக் கொடுக்கப் பணமும் இல்லை. செயற்கைக்கோள் ஏவினால் தொலைக்காட்சியில் நேரலை வரும், பிரதமர் வாழ்த்துச் சொல்வார். பழுதான மழைமானியை மாற்றினால் அது எந்தச் செய்தியிலும் வராது. அதனால் நிதியும் அந்தப் பக்கம் போவதில்லை.

ஒரு பெட்டிக்குள் மலையும் வறண்ட நிலமும்

பல நாட்டுத் தரவைச் சேர்ப்பதில் உள்ள தொழில்நுட்பச் சிக்கலைப் போத்தனூர்க்காரருக்கு எளிதில் விளக்கலாம். போத்தனூர் சந்திப்பில் சென்னைப் பாதை அகலப் பாதை; பொள்ளாச்சிப் பாதையோ 2017-இல் மாற்றப்படுவதற்கு முன் மீட்டர் கேஜ். ஊர் ஒன்றுதான், நிலையம் ஒன்றுதான், ஆனால் ஒரு பாதையின் வண்டி மறுபாதையில் ஏறாது. செயற்கைக்கோள் தரவும் அப்படி. ஒன்று நான்கு கிலோமீட்டர் கட்டத்தில் பார்க்கிறது, இன்னொன்று பத்து மீட்டரில். ஒன்று வெப்பத்தைப் பார்க்கிறது, இன்னொன்று ரேடார் எதிரொலியை. ஒன்று அரை மணிக்கு ஒருமுறை, இன்னொன்று பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை. இவற்றை ஒரே தண்டவாளத்தில் ஓட்ட வேண்டுமானால், எல்லாமே ஒத்துப் பார்த்துக்கொள்ள மண்ணில் ஓர் உண்மை அளவு வேண்டும்.

மழையை எடுத்துக்கொள்வோம். நாசாவும் ஜப்பானின் ஜாக்சாவும் 2014 பிப்ரவரியில் ஏவிய மழை ஆய்வுச் செயற்கைக்கோளை அளவுகோலாக வைத்து, பல நாட்டுச் செயற்கைக்கோள்களின் தரவைச் சேர்த்து, அரை மணிக்கு ஒருமுறை உலக மழை வரைபடம் தயாராகிறது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதன் கட்டம் ஒவ்வொன்றும் பதினொரு கிலோமீட்டர் அளவு. நொய்யல் பிறக்கும் வெள்ளியங்கிரி மலையையும் அதன் கிழக்கு அடிவாரத்தையும் அந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். நனைந்த சரிவும் காய்ந்த காடும் ஒரே கட்டத்துக்குள் அடங்கி, சராசரி என்ற பெயரில் இரண்டுக்கும் பொருந்தாத ஓர் எண் வெளிவரும். இன்னொரு சிக்கலும் உண்டு. உயரமான, குளிர்ந்த உச்சி கொண்ட மேகத்தைச் செயற்கைக்கோள் மழைமேகம் என்று எளிதில் கண்டுகொள்ளும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும் காற்றோ பெரும்பாலும் உயரம் குறைந்த மேகங்களிலிருந்தே பெருமழையைக் கொட்டிவிடுகிறது. அதனால் மலைச்சரிவில் பெய்வதை வான்கணக்கு பலமுறை குறைத்தே காட்டுகிறது.

2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.-க்கு மேல் பெய்தது. கோவைக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைப்பதைவிட அதிகம். அதை நாம் அறிந்தது அங்கே மின்வாரியத்தின் அணைப் பகுதியில் ஒரு மழைமானி இருந்ததால். அந்த மானி இல்லாதிருந்தால், அந்த மழையின் உண்மை அளவு எந்த ஏட்டிலும் ஏறியிருக்காது.

உலகிலுள்ள மழைமானிகளின் வாய்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் ஒரு கால்பந்து மைதானத்தில் பாதிகூட வராது என்று 2017-இல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். உலக மழை வரைபடங்கள் எல்லாம் இறுதியில் அந்தச் சிறு பரப்பை வைத்துத்தான் திருத்தப்படுகின்றன. ஜெர்மனியின் ஆஃபன்பாக்கில் ஒரு மையம் நாடுகளிடமிருந்து மழைமானிக் கணக்குகளைத் திரட்டுகிறது. நாசாவின் இறுதி வரைபடம் அந்தக் கணக்கோடு ஒத்துப் பார்க்கப்பட்ட பிறகே வெளிவருகிறது. நம் ஊர்க் கணக்கு ஆஃபன்பாக் போய்ச் சேராவிட்டால், நம் ஊரின் மழையைப் பற்றி உலகம் வைத்திருக்கும் எண் தவறாகவே இருக்கும். அந்தத் தவறான எண்ணை வைத்துத்தான் காலநிலை மாதிரிகள் நம் எதிர்காலத்தைச் சொல்லும்.

எத்தனை மானி வேண்டும்? மலைப்பகுதியில் 250 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று, சமவெளியில் 575-க்கு ஒன்று என்பது உலக வானிலை அமைப்பின் குறைந்தபட்ச அளவு. கோவை மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 4,720 சதுர கிலோமீட்டர். இந்தக் கணக்குப்படி இருபதுக்குள் மானி இருந்தாலே போதும். எண்ணிக்கையில் கோவை தேறிவிடும். ஆனால் மானிகள் பெரும்பாலும் இருப்பது தாலுகா அலுவலகத்திலும் அணையிலும். மழை உருவாகும் சரிவில் அல்ல. உலக வானிலை அமைப்பு 2021-இல் கொண்டுவந்த புதிய தரவுக் கொள்கையோடு சேர்ந்து வந்த உலக அடிப்படை வலைப்பின்னல், தரை நிலையங்களுக்கு இடையே 200 கிலோமீட்டர் இருக்கலாம் என்கிறது. போத்தனூரிலிருந்து 200 கிலோமீட்டருக்குள் ஊட்டியும் வருகிறது, கொச்சியும் வருகிறது, கரூரும் வருகிறது. மூன்று ஊரின் வானமும் ஒன்றா? ஆப்பிரிக்காவின் வெறுமையை நிரப்ப அந்த விதி உதவும். நமக்கு அது போதாது. உலக ஒப்பந்தம் கேட்பதைச் செய்துவிட்டோம் என்று நாம் ஓய்ந்துவிட முடியாது.

ரேடாரிலும் இதே குறை. தென்னகத்தில் சென்னை, காரைக்கால், கொச்சி என்று ரேடார்கள் கடலோரத்தில் வந்தன, ஏனென்றால் அவை புயலைப் பார்க்க வைக்கப்பட்டவை. ரேடார் கதிர் நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்திருக்கிறது. நூற்றைம்பது கிலோமீட்டர் போவதற்குள் கதிர் தரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஏறிவிடும். நடுவில் மலை வேறு. ஏற்காட்டிலும் இராமநாதபுரத்திலும் ரேடார் அமைக்கத் தமிழக அரசு முடிவெடுத்தது நல்ல திருப்பம். உள்நாட்டுக்கும் வானிலை உண்டு என்று ஒப்புக்கொண்ட முடிவு அது.

தென்னையும் நெல்லும்

இந்தியாவில் தொலையுணர்வின் தந்தை என்று போற்றப்படும் பி. ஆர். பிஷாரடி பாலக்காட்டுக் கணவாயின் பிள்ளை. பொள்ளாச்சிக்கு அருகே, எல்லை தாண்டியதும் வரும் கொல்லங்கோட்டில் 1909-இல் பிறந்தவர். 1970-இல் கேரளத் தென்னந்தோப்புகளின் மேல் பறந்து, அகச்சிவப்புப் படம் எடுத்து, வேர்வாடல் நோய் கண்ட மரங்களைக் கண்டறிய முடியுமா என்று சோதித்தார். பறந்தது சோவியத் வானூர்தியில், படமெடுத்தது அமெரிக்கக் கருவியால். இந்தியத் தொலையுணர்வின் முதல் அடியே பன்னாட்டுக் கூட்டுறவாகத்தான் இருந்தது. அதே வேர்வாடல் நோய் இன்று பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளில் மரங்களைக் காவு வாங்குகிறது. 1970-இல் ஒரு வானூர்தி பார்த்ததை இன்று பத்து மீட்டர் நுணுக்கத்தில் வாரத்துக்கு ஒருமுறை இலவசமாகப் பார்க்கும் செயற்கைக்கோள் மேலே இருக்கிறது. இருந்தும் தோப்பு தோப்பாக நடந்து, மரத்துக்கு மரம் ஓலையைப் பார்த்துக் குறித்துவைக்கும் கணக்கெடுப்பு இல்லாமல் அந்தப் படத்திலிருந்து நோயைப் பிரித்தெடுக்க முடியாது. நீர்ப்பஞ்சத்தில் வாடிய மரமும், வெள்ளை ஈயால் கறுத்த மரமும், வேர்வாடலும் மேலிருந்து ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும்.

மண்ணும் வானமும் சரியாகச் சேர்ந்த எடுத்துக்காட்டும் கோவையிலேயே இருக்கிறது. சுவிஸ் நிறுவனமான சார்மேப், பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம், ஜெர்மன், சுவிஸ் வளர்ச்சி நிறுவனங்கள், ஒரு காப்பீட்டு நிறுவனம் ஆகியவை சேர்ந்து நடத்திய ‘ரைஸ்’ திட்டத்தில் தமிழகத்தின் பங்காளி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் ரேடார் படங்களைக் கொண்டு நெல் வயலை அடையாளம் காண்பது அதன் வேலை. நடவின்போது நீர் நிறைந்த வயல் ரேடாருக்குக் கறுப்பாகத் தெரியும். பயிர் வளர வளர வெளுக்கும். முதலில் இத்தாலிய, ஜெர்மன் செயற்கைக்கோள்கள், 2014-க்குப் பிறகு ஐரோப்பாவின் சென்டினல்-1ஏ. பல்கலைக்கழகத்தார் பருவந்தோறும் வயல்களுக்கு நேரில் போய்ப் பயிரின் உயரம், இலைப்பரப்பு, விளைச்சல் எல்லாம் அளந்து படத்தோடு ஒப்பிட்டார்கள். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது, விதைக்க முடியாமல் போன கிராமங்களை அடையாளம் காண இந்த வரைபடங்கள் உதவின. காப்பீட்டுக்காகக் காத்திருக்கும் உழவருக்கு, சுவிட்சர்லாந்தில் எழுதிய மென்பொருளும் ஐரோப்பாவின் செயற்கைக்கோளும் கோவை மாணவரின் அளவுகோலும் சேர்ந்து பதில் சொன்னது பெரிய காரியம்.

அதன் பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. 2021 டிசம்பரில் சென்டினல்-1பி பழுதாகி நின்றது. அதற்கு மாற்று மேலேற மூன்று ஆண்டு ஆயிற்று. நம் காப்பீடு வேறொருவரின் செயற்கைக்கோளில் தொங்குவது எத்தனை நாள்? 2022-இல் இந்தியா ஏவிய இஓஎஸ்-04, 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேலேறிய நைசார் ஆகியவை இதற்கு ஓரளவு பதில். நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து கட்டிய நைசார் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை பூமியின் நிலப்பரப்பை இரண்டு அலைநீளங்களில் பார்க்கும். அதன் நீண்ட அலை ஓலைக்கூரையைத் தாண்டியும் உள்ளே போகக்கூடியது. தென்னைக்கிடையே ஊடுபயிர் வைத்திருக்கும் தோட்டங்களைச் செயற்கைக்கோள் சரியாகப் படிப்பது எளிதல்ல. மானாவாரிக் காடும் கிணற்றுப் பாசனத் தோட்டமும் வேலிக்கு வேலி மாறும் கொங்கு நாட்டில் நைசாரைச் சோதித்துப் பார்க்கக் கோவை முந்திக்கொள்ள வேண்டும்.

நிலத்தடியில்

கொங்கு விவசாயியின் முதல் கவலை நிலத்தடி நீர். ஆயிரம் அடி போர்வெல் இங்கே புதிதல்ல. 2002-இல் நாசாவும் ஜெர்மனியும் ஏவிய கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் பூமியின் ஈர்ப்பில் ஏற்படும் நுண்ணிய மாற்றத்தை அளந்து, வட இந்தியாவில் நீர் எவ்வளவு வேகமாக வற்றுகிறது என்று உலகுக்குக் காட்டின. அற்புதமான அறிவியல். ஆனால் அதன் பார்வை முந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாதது. போத்தனூரை நடுவில் வைத்தால், அரபிக்கடற்கரையிலிருந்து கரூரைத் தாண்டி எல்லாவற்றுக்கும் ஒரே எண். கேரளத்தின் ஈரமும் பல்லடத்தின் வறட்சியும் அதில் கலந்துவிடும். நம் நிலத்தடி நீரைப் பற்றி வானம் எதுவும் சொல்லாது. கிணற்றில் கயிறு விட்டு அளப்பவர்தான் சொல்ல வேண்டும்.

மண் ஈரத்தில் நிலைமை சற்று மேல். சத்தியமங்கலம் மலைக்கு அப்பால், குண்டல்பேட்டை வட்டத்திலுள்ள பேரம்பாடியில் இந்திய அறிவியல் நிறுவனமும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் சேர்ந்து நீண்ட காலமாக மண்ணின் ஈரத்தை வயல் வயலாக அளந்துவருகிறார்கள். செயற்கைக்கோள் சொல்லும் ஈரம் சரியா என்று பார்க்கப் பயன்படும் மண் அது. அப்படி ஒரு நிலையம் நொய்யல் படுகையிலும் இருக்கலாம், இருக்க வேண்டும்.

தடை எங்கே? அளவுகள் சிதறிக் கிடப்பதில். வருவாய்த் துறையிடம் ஒரு மழைக்கணக்கு, பொதுப்பணித் துறையிடம் ஒன்று, மின்வாரியத்திடம் ஒன்று. வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டாரத்துக்கு ஒன்று என்ற அளவில் தானியங்கி நிலையங்களை நடத்துகிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்குத் தனிக் கிணறுகள். வால்பாறை எஸ்டேட்டுகளிடம் பல பத்தாண்டுக் குறிப்பேடுகள். போதாததற்கு நடுவில் மாநில எல்லை. சிறுவாணி அணை இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், அதன் தண்ணீர் 1973 உடன்பாட்டின்படி கோவைக்கு வருகிறது. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் 1970 உடன்பாட்டில் ஓடுகிறது. ஒரே மலையின் மழையை இரண்டு மாநிலமும் அளக்கின்றன. இரண்டையும் சேர்த்து மணிக்கு மணி எவரும் பார்க்கும்படி ஒரே இடத்தில் திறந்து வைத்தால் வெள்ள எச்சரிக்கைக்கும் பாசனத்துக்கும் எத்தனை உதவி! மாஸ்கோவும் வாஷிங்டனும் 1963-இல் செய்ததைக் கோவையும் பாலக்காடும் செய்ய முடியாதா? முடியும். இதற்குப் பன்னாட்டு ஒப்பந்தம் தேவையில்லை. இரண்டு தலைமைச் செயலகங்களின் ஆணை போதும்.

அரசுகள் செய்ய வேண்டியது இவ்வளவு. வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. 2020-இல் ஊரடங்கின்போது பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகம், பழைய மழைக் குறிப்பேடுகளை எண்களாக மாற்றப் பொதுமக்களை அழைத்தது. ஏறத்தாழ 16,000 பேர் வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து, 65,000 தாள்களைச் சில வாரங்களில் முடித்துக் கொடுத்தார்கள். காலநிலை எப்படி மாறியது என்று அறிய உலகம் இன்று பழைய தாள்களைத் தேடுகிறது. கொங்கு நாட்டின் எஸ்டேட்டுகளிலும், பழைய மில்களிலும், பள்ளிக்கூடங்களிலும், மிராசுதார் வீட்டு அலமாரிகளிலும் அப்படிப்பட்ட ஏடுகள் இருக்கக்கூடும். உங்கள் கையில் ஒன்று இருந்தால் தயவுசெய்து பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படமெடுத்து, மானி எந்த இடத்தில் இருந்தது, எத்தனை மணிக்கு அளந்தார்கள் என்று குறித்து, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆராய்ச்சி மையத்திடமோ இந்திய வானிலைத் துறையிடமோ ஒப்படையுங்கள்.